உறையவைத்துக் கெட்டியாக்கும் பழச்சாறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிக்கபள்ளாப்பூர் பக்கத்து நீலத் திராட்சை பெங்களூரு சந்தைக்கு வந்துவிட்டால் அல்சூரில் எங்கள் தெருவே சாறு பிழிய ஆரம்பித்துவிடும். இந்தத் திராட்சைக்கு மணம்தான் உயிர். அடுப்பில் சுண்டவைத்தால் அது பறந்துவிடும். அதனால்தான் ஃப்ரீசர் வழி: சாற்றை பாட்டிலில் உறையவைத்து, ஜாடியின் மேல் கவிழ்த்து, முதலில் உருகி இறங்கும் கெட்டிச் சாற்றை மட்டும் பிடித்துக்கொள்வது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வருஷா வருஷம் அதே இடத்தில் கோட்டை விடுகிறார்கள்.

கடைசிச் சொட்டு வரை உருகவிடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. சாறு உறையும்போது தண்ணீர்தான் முதலில் கட்டியாகும். சர்க்கரை, புளிப்பு, நிறம், மணம் எல்லாம் பனிக்கட்டியின் இடுக்குகளில் கெட்டிச் சாறாக ஒதுங்கும். பாட்டிலைக் கவிழ்த்தால் அதுதான் முதலில் இறங்கும்.

மாடி வீட்டுப் பெண், "கெட்டியாவே வரலையே அக்கா" என்று ஜாடியோடு வந்து நின்றார். ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வைத்திருக்கிறார். பாட்டிலில் ஒரு பொட்டுப் பனி மிச்சமில்லை. உள்ளே போன சாறுதான் அப்படியே வெளியே வந்திருக்கிறது.

மறுபடி உறையவைத்து, இறங்க இறங்க டம்ளரை மாற்றிக் காட்டினேன். முதல் டம்ளர் மை மாதிரி கறுத்து, விரலில் பிசுபிசுத்தது. மூன்றாவதில் நிறம் வெளுத்தது. கடைசியில் வந்தது லேசான ரோஸ் நிறத் தண்ணீர்.

"இதைக் கீழ ஊத்தவா அக்கா? கிலோ என்ன விலை!" என்றார். கொட்ட வேண்டாம், எலுமிச்சை பிழிந்து குடித்துவிடலாம். ஆனால் ஜாடியில் மட்டும் சேர்க்கக் கூடாது. பாதிச் சாறு இறங்கியதும் சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். இனிப்பு குறைந்து பனி வெளுத்திருந்தால் நிறுத்துங்கள். இன்னும் கெட்டி வேண்டுமா? வடிந்ததை இன்னொரு முறை உறையவைத்து வடியுங்கள்.

சக்கையோடு உறையவைப்பது

துணியில் வடிகட்டுங்கள். சக்கை பாட்டில் வாயை அடைக்கும்.

சாத்துக்குடி

வேண்டாம். பிழிந்த சாறு நேரம் போகப் போகக் கசக்கும். கெட்டியாக்கினால் கசப்பும் கூடும்.

கண்ணாடி பாட்டில்

வேண்டாம். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், கண்ணாடி உடைந்துவிடும்.

அடியில் மணல் என்று கொட்டிவிடுவது

அது மணல் அல்ல. திராட்சையின் டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் படியும் உப்பு. கெடுதல் இல்லை. அலுங்காமல் மேலாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஃப்ரீசரில் கிருமி செத்துவிடும் என்று நம்புவது

சாகாது, தூங்கும். காய்ச்சாத சாறு இது. ஃபிரிட்ஜ் கதவில் நாள்கணக்கில் வைத்தால் நுரைத்துவிடும். ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரிலேயே வையுங்கள். நல்ல கெட்டிச் சாறு அங்கேயும் கல்லாக இறுகாது, கரண்டிக்கு வரும். இறுகினால் தண்ணீர் கூடிப்போச்சு என்று அர்த்தம்.