ரூட் கேனல்: கை காட்டிய பல்லைத் திறந்துவிடாதீர்கள்

பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ். முடித்த கையோடு கிளினிக்குக்கு வரும் பிள்ளைகள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். நாங்கள் அந்த வயதில் செய்த அதே கூத்துதான், நாற்காலி மட்டும் புதுசு. கையுறை மாற்று, கருவியை ஆட்டோகிளேவில் போட்டுக் கிருமி நீக்கு என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கே வரக்கூடாது. பல்லுக்குள் கெட்ட நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கேனலில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நோயாளி காட்டும் பல்தான் வலிக்கிற பல் என்று நம்புவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் ஐஸ் தண்ணீர் பாட்டில். ஒரு வாய் ஊற்றிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார், பேச வேண்டியபோது விழுங்குவார், உடனே அடுத்த வாய். வேலூர் வெயிலுக்கு எல்லோர் கையிலும் பாட்டில் இருக்கும் என்பதால் அதை யாரும் கவனிக்கவில்லை. வேறொரு இடத்தில் அவருடைய கீழ் இடது கடவாய்ப் பல்லைத் திறந்து, நரம்பை எடுத்து, தற்காலிகமாக அடைத்தும் அனுப்பியிருந்தார்கள். வலி அப்படியே இருந்தது.

"இன்னா தம்பி, நரம்பையே எடுத்தாச்சுன்னாங்க, இன்னும் உயிர் போவுதே?"

மேல் வரிசைப் பற்களைப் பார்த்தேன். இரண்டாவது கடவாயின் பின்பக்கம், கடைசிப் பல் சாய்ந்து மறைத்த இடத்தில், ஈறுக்கடியில் சொத்தை. சூடு பட்டால் வலி கொல்லும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் அடங்கும் என்றால் பற்கூழ், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த சதை, அழுகும் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். மேல் பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்ட சில நிமிடங்களில் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். கீழே திறந்தது? நல்ல பல்.

"கீழேதானே வலிச்சுது, அதான் கீழே காட்டினேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பற்கூழுக்கு வலிக்கத் தெரியும், இடம் சொல்லத் தெரியாது. இடம் சொல்வது வேரை எலும்போடு பிணைக்கும் நார். அழற்சி வேர் நுனியைத் தாண்டி அந்த நாரை எட்டிய பிறகுதான் "இந்தப் பல்" என்று விரல் வைக்க முடியும். அதுவரை மேல் பல்லின் வலி கீழே தெரியும், கீழ்க் கடவாயின் வலி காதில் தெரியும். வலப்பக்க வலி இடப்பக்கம் போவது மட்டும் மிக அபூர்வம்.

அதனால் டிரில்லைத் தொடுமுன் சோதியுங்கள். குளிர் ஸ்பிரே இருந்தால் பஞ்சில் அடித்து வையுங்கள். இல்லையென்றால் ஊசியின் பிளாஸ்டிக் மூடியில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஐஸ் குச்சி தயார். பல்லை உலர்த்திவிட்டு, கடைசிப் பல்லிலிருந்து முன்னோக்கி வாருங்கள். உருகும் நீர் பின்னால் வடிந்து பக்கத்துப் பல்லைக் குழப்பும். முதலில் எதிர்ப்பக்கத்து நல்ல பல்லில் வைத்துக் காட்டுங்கள், அப்போதுதான் எது சாதாரண கூச்சம் என்று அவருக்குத் தெரியும். ஐஸை எடுத்ததும் கூச்சம் போய்விட்டால் பற்கூழ் பெரும்பாலும் பிழைக்கும். எடுத்த பிறகும் வலி நின்று பிடித்தால் அதுதான் ஆள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் பல் செத்திருக்கலாம்.

அப்புறம் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள், சந்தேகப் பல்லில் ஆரம்பிக்காமல். பஞ்சு உருளையைக் கடிக்கச் சொல்லுங்கள். கடிக்கும்போது சும்மா இருந்து, விடும்போது சுளீரென்றால் விரிசலைத் தேடுங்கள். ஆம்பூர் பிரியாணியில் எலும்பைக் கடித்தீர்களா என்று கேளுங்கள், பாதிப் பேர் சிரிப்பார்கள். எக்ஸ்ரேயை இரண்டு கோணத்தில் எடுங்கள். ஆனால் அது சுத்தமாக இருப்பதால் பல் நல்ல பல் ஆகிவிடாது. எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகே படத்தில் கறுப்பு விழும்.

இத்தனைக்கும் பிடி கொடுக்கவில்லை என்றால் மேல் பல்லுக்கு மட்டும் ஊசி போட்டுக் காத்திருங்கள். வலி நின்றால் ஆள் மேலே. அதிலும் தெரியவில்லையா? வலி மாத்திரை கொடுத்து இரண்டு நாள் கழித்து வரச் சொல்லுங்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அதற்குள் முடித்துக் கொடுங்கள் என்று கெஞ்சுவார்கள். கெஞ்சட்டும். திறந்த பல்லை அடைக்கலாம், அதற்கு உயிரைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அந்த அம்மா இரண்டு பல்லுக்கும் காசு கொடுத்து, இரண்டுக்கும் கேப் (பல்லை மூடும் உறை) போட்டுக்கொண்டார்.

பல்லே காரணமாக இல்லாத வலியும் உண்டு. குனிந்தால் மேல் கடவாய்கள் எல்லாம் சேர்ந்து வலித்தால் சைனஸைப் பாருங்கள். முகம் கழுவும்போது மின்சாரம் போலச் சில விநாடி வெட்டிவிட்டுப் போனால் அது முக நரம்பு வலியாக இருக்கலாம். இதற்காகப் பல் பல்லாகப் பிடுங்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வள்ளிமலைப் படி ஏறும்போது இடது கீழ்த்தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்று ஒருவர் சொன்னார். வாயில் சொத்தை ஒன்றுமில்லை. நான் கருவியை எடுக்கவே இல்லை, இதயத்தைப் பார்க்க நேராக இ.சி.ஜி.க்கு அனுப்பினேன்.

ரப்பர் டேம் போடாமல் இருப்பது

வேலை செய்யும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு அது. போடச் சொன்னால், "நோயாளிக்கு மூச்சு முட்டுதாம் சார்." மூக்கு திறந்துதானே இருக்கிறது? 1864-இல் பார்னம் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் கண்டுபிடித்தது, இன்னும் புதுப் பொருள் போலப் பேசுகிறார்கள். எச்சில் உள்ளே போனால் கிருமியும் போகும். கால்வாயைச் சுரண்டும் ஃபைல் கை நழுவி மூச்சுக்குழாய்க்குள் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பதில் வராது.

ஹைப்போகுளோரைட்டை அழுத்திப் பீச்சுவது

இது கிருமியைக் கொல்லக் கழுவும் மருந்து. ஊசி வேரின் கால்வாய்க்குள் இறுகக்கூடாது. பக்கத்துளை ஊசி, வேலை நீளத்துக்கு (கால்வாயில் வேலை செய்ய அளந்து வைத்த நீளம்) 2 மி.மீ. முன்னாலேயே நிறுத்தி, மெதுவாக. மருந்து வேர் நுனியைத் தாண்டினால் நொடியில் கன்னம் வீங்கும். அந்த அலறலைக் கேட்டவர் மறக்கமாட்டார்.

மேல் முதல் கடவாயில் மூன்று கால்வாயோடு நிறுத்திக்கொள்வது

நாலாவது இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தேடுங்கள்.

வலிக்கு ஆன்டிபயாட்டிக் எழுதுவது

வீக்கம், காய்ச்சல் இல்லாத நரம்பு வலிக்கு அது உதவாது. அல்சர், கிட்னி தொல்லை இல்லாதவருக்கு இபுபுரூஃபனும் பாராசிட்டமாலும்.

கேப்பை நோயாளியின் இஷ்டத்துக்கு விடுவது

வலி போனதும் ஆள் வரமாட்டார். "பொங்கல் போவட்டும் சார்" என்பார். பொங்கலுக்குக் கரும்பு கடிப்பார். நரம்பு எடுத்த கடவாய்ப் பல்லில் பெரும்பகுதி ஏற்கெனவே சொத்தைக்குப் போயிருக்கும், மீதியைத் திறக்கும்போது நாம் எடுத்திருப்போம். நெடுக்காகப் பிளந்து, பிளவு வேருக்குள் இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. தற்காலிக அடைப்பும் மாதக்கணக்கில் தாங்காது, ஓரம் கசிந்து கிருமி திரும்ப உள்ளே இறங்கும். முதல் நாளே கேப்போடு சேர்த்து மொத்தத் தொகையைச் சொல்லிவிடுங்கள். முன் பல்லாக இருந்து, பல்லும் நிறைய மிஞ்சியிருந்தால் நல்ல அடைப்பே போதும். அதையும் அன்றே சொல்லுங்கள்.