துணைக்குத் தெரியாமல் பிறந்தநாள் விருந்து: இராமநாதபுரம் கரையோரம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல் பிறந்தநாள் விருந்து ஏற்பாடு செய்யும் வழக்கம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கும் வந்துவிட்டது. தொண்டி, கீழக்கரை, மண்டபம் என்று எங்கே போனாலும் பெயர் எழுதிய கேக்கும் பலூன் கட்டித் தர ஆளும் கிடைக்கிறார்கள். ஆனால் செல்போனில் பார்த்த பெருநகரத்து விருந்தை அப்படியே தங்கச்சிமடத்தில் வைக்கப் பார்க்கும்போதுதான் பிசகுகிறது. இந்த ஊர்களின் வேலை நேரம் வேறு, காற்று வேறு, பயமும் வேறு.

பிசகுகளில் மோசமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஆளை வரவழைக்க அவசரம் என்று பொய் சொல்வது. "அம்மாவுக்கு மயக்கம் வந்துவிட்டது, உடனே கிளம்பி வா" என்று மச்சினனை விட்டுப் பேசச் சொல்கிறார்கள். பதறி ஓடி வருகிறவர் கதவைத் திறந்ததும் எல்லோரும் கைதட்ட வேண்டும் என்பது திட்டம். இராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கத்தில் விசைப்படகில் போனவர்கள் மறுநாள் காலையில்தான் கரை திரும்புகிறார்கள். அந்த இரவில் எதிர்பாராத நேரத்தில் போன் அடித்தால் வீட்டிலிருக்கும் பெண்ணின் மனது எங்கே போகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இயந்திரப் பழுது, திடீர்க் காற்று, எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போவது எல்லாமே பக்கத்துத் தெருவில் நடந்தவை. கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் வீடுகளிலும் இதே நிலைதான். அந்த ஒரு நிமிடப் பயம் கேக்கைப் பார்த்ததும் போய்விடாது. சிலருக்கு அழுகையாக வரும், சிலருக்குக் கோபமாக வரும், இரண்டும் நியாயமே.

பொய் சொல்லியே தீர வேண்டும் என்றால் அது சின்னதாக, கேட்டால் கொட்டாவி வருவதாக இருக்கட்டும். "அத்தாச்சி வீட்டில் காதுகுத்துக்குத் தேதி பேசுகிறார்களாம், ஏழு மணிக்கு நாமும் இருக்க வேண்டுமாம்" என்றால் போதும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. உறவினர் வீட்டுக்குப் போவதென்றால் அவரே நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வருவார்.

இந்த லாபத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. விருந்தை மறைக்கலாம்; நேரத்தையும் சேர்த்து மறைப்பதுதான் வம்பு. மீன் அலசிய கையோடு, நைட்டியில், தலையை அள்ளி முடிந்தபடி நிற்கும் பெண்ணுக்கு முன்னால் இருபது பேர் செல்போனைத் தூக்கிப் பிடிப்பது அன்பில் சேர்த்தி இல்லை. அந்த வீடியோ அன்றிரவே சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். கணவருக்கு வைக்கும் விருந்திலும் இப்படித்தான் நடக்கிறது. இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு, காலையில் மீனைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்து படுத்தவரை உலுக்கி எழுப்பித் தலையில் காகிதத் துணுக்குகளைக் கொட்டினால் அவர் சிரிப்பார்தான். சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். நள்ளிரவு 12 மணிக் கேக்கை இந்த ஊர்களில் மறந்துவிடலாம். விடியும் முன் நாட்டுப்படகு தள்ளப் போகிறவருக்கு அது தூக்கம் கெட்ட ராத்திரி, அவ்வளவுதான். "இன்று மாலை ஏழு மணியை எனக்கு ஒதுக்கி வை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எதுவும் குறைந்துபோகாது. எங்கே, யார் யார், என்ன சாப்பாடு என்பதெல்லாம் அப்போதும் இரகசியமாகவே இருக்கும்.

நாள் முழுதும் மறந்ததுபோல் நடிப்பதும் இதே வகைத் தவறு. காலையிலேயே வாழ்த்திவிடுங்கள்.

தேதி பற்றி ஒரு வார்த்தை. ஆதார் அட்டையைப் பார்த்து ஏற்பாடு செய்து ஏமாறுகிறவர்கள் உண்டு. நடுவயதைத் தாண்டிய பலருக்குச் சான்றிதழில் இருப்பது, பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் தோராயமாகப் போட்ட தேதி. வீட்டில் கொண்டாடுவது தமிழ் மாதத்து நட்சத்திரமாக இருக்கலாம். மாமியாரிடம் கேட்டுவிடுவது நல்லது. கேட்டதும் அவரும் கூட்டாளி ஆகிவிடுவார். கேட்காமல் விட்டால் அவர் முகத்தை விருந்தில் பார்த்துக்கொள்ளலாம். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் பெரியவர்கள் கேக் வெட்டுவதையே விரும்புவதில்லை. அங்கே நெய்ச்சோறும் தொதலுமாக ஒரு நல்ல விருந்தே போதுமானது. சில இந்து வீடுகளில் வாயால் ஊதித் தீபத்தை அணைப்பதைப் பாட்டிகள் பொறுக்க மாட்டார்கள். மெழுகுவர்த்தியை விட்டுவிட்டுக் குத்துவிளக்கை ஏற்றிக் கேக்கை வெட்டினால் சண்டை இல்லை.

ஊரின் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இராமேசுவரத்தில் அறை கிடைக்காது. பாம்பன் பாலத்தில் வாகனம் நகராது. மதுரையிலிருந்து வரும் கொழுந்தியாள் குடும்பம் கேக் வெட்டி முடித்த பிறகுதான் வந்து சேரும். தவக்காலத்தில் பாம்பன், தங்கச்சிமடம் கத்தோலிக்க வீடுகளில் பிரியாணி போட்டால் பாதிப் பேர் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்கள். ரமலானில் நோன்பு திறக்கும் நேரம் தெரியாமல் விருந்துக்கு நேரம் குறிக்கக் கூடாது. ஊரார் யாராவது கடலில் சிக்கியிருக்கும் நாளில் எந்தக் கொண்டாட்டமும் வேண்டாம், அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் கணவர் வீட்டில் இருப்பார், நாள் குறிக்க வசதி. ஆனால் வருமானமும் கரையில்தான் கிடக்கும். அந்த நேரத்தில் வட்டிக்கு வாங்கி மேடை அலங்காரம் செய்தால், வாழ்த்து முடிந்த கையோடு அவர் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு ஆயிற்று?" என்பதாக இருக்கும். மீன் விலையும் அப்போது ஏறிக் கிடக்கும். சீலா மீன் வறுவல்தான் வேண்டும் என்றால் நாட்டுப்படகுக்காரர் ஒருவரிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள், கிடைக்காவிட்டால் கோழி என்று இன்னொரு ஏற்பாடும் இருக்கட்டும்.

இனி கடற்கரை. கடல் பக்கத்திலேயே இருப்பதால் மணலில் மேசை போட்டு விருந்து வைக்க எல்லோருக்கும் ஆசை வருகிறது. ஆனி, ஆடியில் வீசும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்றில் மெழுகுவர்த்தி ஒரு நொடி நிற்காது; கேக்கின் மேல் மணல் ஏறிவிடும். மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் காலத்தில் வடக்கே பெண்கடல் கரை அமைதியாக இருக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை மாறும், மழையும் சேர்ந்துகொள்ளும். உச்சிப்புளிக்கு அருகில் அரியமான் கடற்கரையில் சவுக்கு மரங்களின் நிழல் உண்டு, பகல் விருந்துக்கு நல்ல இடம். தனுஷ்கோடியில் இரவு விருந்து என்ற எண்ணமே வேண்டாம். பொழுது சாயும்போதே அங்கிருந்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அதன் கோடியிலுள்ள அரிச்சல்முனையில் ஒதுங்க நிழலும் இல்லை, கடலில் இறங்குவதும் ஆபத்து.

மீன்பிடிப் படகில் ஏற்றிக்கொண்டு போய் ஏதாவது தீவில் கேக் வெட்டுகிற யோசனையும் சிலருக்கு வரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்வாழ் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை, அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. படகுதான் வேண்டும் என்றால் தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை நடத்தும் சவாரி இருக்கிறது. வீடியோ எடுக்க ட்ரோன் பறக்கவிடுவதும் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, பிறந்தநாளன்று போலீசுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும். பலூனைக் காற்றில் விட்டால் அது கடலில்தான் விழும். கடலாமை அதைச் சொறிமீன் என்று நினைத்து விழுங்கும்.

வீட்டிலேயே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தால் அங்கேயும் ஒரு பொறி காத்திருக்கிறது. பிறந்தநாள்காரியின் வீட்டுக்குள்ளேயே இருபது பேர் திடீரென்று நுழைந்தால் அவர் என்ன செய்வார்? அடுப்படிக்கு ஓடுவார். டீ போடுவார், பாய் விரிப்பார், தட்டு தேடுவார், அரிசி போதுமா என்று பார்ப்பார். எல்லோரும் போன பின் பாத்திரமும் அவருக்குத்தான். இதற்கு ஒரே மருந்து, விருந்தை வேறொருவர் வீட்டில் வைப்பது. அத்தாச்சி வீடோ, நாத்தனார் வீடோ, அவர் விருந்தாளியாக மட்டும் உட்காரக்கூடிய இடம். சாப்பாட்டை வெளியில் சொல்லிவிடுங்கள். இராமநாதபுரத்திலிருந்து கிரீம் கேக் வாங்கி மதிய வெயிலில் பைக்கில் கொண்டுவந்தால் பெயர் உருகி வேறு யார் பெயராகவோ ஆகிவிடும், மாலையில் வாங்குங்கள்.

அழைப்பவர்களிலும் கவனம் தேவை. மனைவியின் பிறந்தநாளுக்குக் கணவரின் கூட்டாளிகள் பத்துப் பேர் வந்து, மொட்டை மாடியில் தனிக் கச்சேரி நடத்துவது சர்வசாதாரணமாகிவிட்டது. அவருடைய பள்ளித் தோழி, பரமக்குடியில் கட்டிக்கொடுத்த அக்காள் என்று அவர் பார்க்க ஏங்கும் இரண்டு பேரை வரவழைத்தாலே போதும், பலூன்கூடத் தேவைப்படாது.

குழந்தைகளிடம் கடைசி அரைமணி நேரத்தில் மட்டும் சொல்லுங்கள். கேக்குக்குப் பணத்தை ரொக்கமாகக் கொடுங்கள். கூட்டுக் கணக்கிலிருந்து போனால் வங்கியின் குறுஞ்செய்தி முந்திக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவருக்குத் தெரிந்துவிடலாம். சின்ன ஊர்; பேக்கரிக்காரருக்கும் அவருக்கும் உறவு முறை இருக்கும். யார் சொன்னது என்று விசாரணை நடத்த வேண்டாம், ஏற்பாட்டை ரத்து செய்யவும் வேண்டாம். கெட்டிக்காரி என்றால் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் புதுச்சேலையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டு, "காதுகுத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?" என்று கேட்பார். ஏழு மணி என்று சொல்லுங்கள்.