இரட்டை ப்ராசஸர் கணினி வாங்கலாமா? முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்

ஒரே மதர்போர்டில் இரண்டு ப்ராசஸர், இரண்டு பக்கமும் வரிசையாக ரேம் ஸ்லாட்டுகள். படத்தைப் பார்த்தாலே கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது, வாங்கினேன், இரண்டு வருடம் அதன் இரைச்சலோடு குடித்தனமும் நடத்தினேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளையாட்டு, வீடியோ எடிட்டிங், அன்றாட வேலை இவற்றுக்கு என்றால் வேண்டாம். விதிவிலக்குகள் உண்டு. நீங்கள் அதில் வருகிறீர்களா என்பதைக் காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

இப்போது உங்களிடம் இருக்கும் கணினியிலேயே, நீங்கள் வழக்கமாகக் காத்துக்கிடக்கும் அந்த வேலையை ஓடவிட்டு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் டாஸ்க் மேனேஜரில் அந்த மென்பொருளின் அஃபினிட்டியை மாற்றி, பாதி கோர்களில் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) மட்டும் ஓடும்படி செய்து, அதே வேலையைத் திரும்பச் செய்யுங்கள். நேரம் ஏறக்குறைய இரு மடங்கானால் உங்கள் வேலை கோர்களை உண்மையாகவே தின்கிறது, இன்னும் கொடுத்தாலும் தின்னக்கூடும். பத்து இருபது சதவீதம்தான் கூடியது என்றால், இன்னொரு ப்ராசஸர் போட்டாலும் அது சும்மா உட்கார்ந்து மின்சாரம் குடிக்கும், அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் 1967-லேயே கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்கு. ஒரு வேலையில் 10 சதவீதத்தைப் பிரிக்க முடியாது, வரிசையாகத்தான் செய்தாக வேண்டும் என்று வையுங்கள். 8 கோரில் அது 4.7 மடங்கு வேகமாகும், 16 கோரில் 6.4 மடங்கு. கோர் இரட்டிப்பானது, கிடைத்ததோ 36 சதவீதம். எத்தனை ஆயிரம் கோர் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டாது.

கணக்கு இதோடு முடியவில்லை. இரண்டு சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) உள்ள போர்டில் ரேமும் இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு ப்ராசஸருக்கும் அதன் பக்கத்து ரேம்தான் சொந்தம், அடுத்த பக்கத்து ரேமில் இருப்பது தேவைப்பட்டால் நடுவிலுள்ள இணைப்பு வழியாகப் போய் எடுத்துவர வேண்டும், அதற்குத் தாமதம் கூடுதல். நியூமா என்பது இதைத்தான். விளையாட்டுகள் இதில்தான் அடிவாங்கும். கிராபிக்ஸ் கார்டு ஒரு ப்ராசஸரின் ஸ்லாட்டில் இருக்க, விளையாட்டின் முக்கிய திரெட் (ஒரு கோரில் ஓடும் வேலைத் தொடர்) இன்னொன்றில் போய் உட்கார்ந்தால் ஓட்டம் திக்கும்.

அப்படியானால் ஒரு காலத்தில் ஏன் எல்லோரும் இதைக் கொண்டாடினார்கள்? 1999-ல் இரண்டு ப்ராசஸர் போடக்கூடிய ஏபிட் பிபி6 போர்டு வந்தபோது ஒரு ப்ராசஸருக்கு ஒரே ஒரு கோர்தான், எனவே இன்டெலின் மலிவான செலரான் ப்ராசஸர் இரண்டைப் போட்டால் வேறு வழியில் கிடைக்காத ஒன்று கிடைத்தது (விண்டோஸ் 98-க்கு இரண்டாவது கண்ணிலேயே படாது என்பது தனிக்கதை). 2005-ல் இரட்டை கோர் சிப்புகள் மேஜைக் கணினிக்கு வந்ததும் அந்த நியாயம் போய்விட்டது. 2006 நவம்பரில் ஏஎம்டி தன் குவாட் எஃப்எக்ஸை இரண்டு சாக்கெட்டோடு இறக்கியது, அதே மாதம் இன்டெல் ஒரே சாக்கெட்டில் நாலு கோர் கொடுத்து அதை ஓரங்கட்டியது. இன்று ஏஎம்டியின் ஒற்றை த்ரெட்ரிப்பரிலேயே 64 கோர் கிடைக்கிறது. அவ்வளவு கூட வேண்டாம், 16 கோர் ரைசன் 9 7950எக்ஸ் ஒன்றே, இன்டெலின் பழைய சர்வர் சிப்பான 14 கோர் ஸீயான் இ5-2680 வி4 இரண்டைச் சேர்த்தாலும் ரெண்டரிங்கில் முந்திவிடும்.

சரி, யாருக்குத்தான் பொருந்தும்? நிறைய ரேம் வேண்டும், வேகம் அவ்வளவு முக்கியமில்லை என்பவர்களுக்கு. ஒரே பெட்டியில் பத்துப் பதினைந்து வர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் கணினி) ஓட்டிப் பழகுபவர்கள், பெரிய தரவை ரேமிலேயே வைத்துக் கணக்குப் போடுபவர்கள், நாலைந்து விரிவாக்கக் கார்டு செருகுபவர்கள். டேட்டா சென்டர்களிலிருந்து கழித்துக் கட்டிய பழைய ஸீயான்கள் இவர்களுக்கு உண்மையிலேயே லாபம்.

அப்படி வாங்கினால் முதலில் மாடல் எண்ணைப் பாருங்கள். ஸீயான் இ5 வரிசையில் 26 என்று தொடங்குவது இரண்டு சாக்கெட்டில் ஓடும், 16 என்று தொடங்குவது ஓடாது. ஏஎம்டியின் சர்வர் சிப்பான எபிக்கின் பெயர் பி என்று முடிந்தால் அதுவும் ஒற்றைதான். இரண்டு சிப்பும் ஒரே மாடல், ஒரே ஸ்டெப்பிங்காக (அந்த மாடலின் திருத்தப் பதிப்பு) இருக்க வேண்டும். இரண்டாவது சாக்கெட் காலியாக இருந்தால் அதன் பக்கத்து ரேம் ஸ்லாட்டுகள் வேலை செய்யாது, விரிவாக்க ஸ்லாட்டுகளிலும் சில அதோடு போகும். இ5-26 வரிசை என்றால் ஒவ்வொரு ப்ராசஸருக்கும் நாலு சேனல் (ரேமுக்குப் போகும் பாதை) என்பதால் எட்டு ரேமாகப் போடுங்கள், சர்வர்களில் வரும் ரெஜிஸ்டர்டு ஈசிசி ரேம், சாதாரண ரேமோடு கலக்கக் கூடாது. விண்டோஸ் ஹோம் ஒரு சாக்கெட்டைத்தான் எடுத்துக்கொள்ளும், ப்ரோ வேண்டும்.

பயன்படுத்திய போர்டு என்றால் இரண்டு சாக்கெட்டின் பின்களையும் நெருக்கத்தில் எடுத்த படம் கேளுங்கள், கூடவே முழு ரேமும் தெரிகிற பயாஸ் திரையையும். நான் கேட்கவில்லை. ஒரு பின் வளைந்திருந்ததால் ஒரு சேனலே காணாமல் போயிருந்தது, விற்றவர் அதற்குள் கைகழுவிவிட்டார்.

கேபினட்டையும் அளந்துவிடுங்கள். இந்த போர்டுகள் பெரும்பாலும் 305க்கு 330 மில்லிமீட்டர், சாதாரண ஏடிஎக்ஸ் கேபினட்டில் அடங்காது. பவர் சப்ளையில் எட்டு பின் ப்ராசஸர் இணைப்பு இரண்டு இருக்க வேண்டும். எல்ஜிஏ 2011 சாக்கெட்டில் சதுரம், குறுகலானது என இரண்டு விதப் பிடிப்பு உண்டு, ஒன்றின் கூலர் மற்றதில் உட்காராது. முதல் தடவை ஆன் செய்ததும் திரையில் எதுவும் வரவில்லையே என்று உடனே பிடுங்கிவிடாதீர்கள், ரேமைச் சரிபார்க்கவே சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். முடிந்தால் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு, உங்கள் மேஜையில் இருக்கும் மடிக்கணினியிலிருந்து ரிமோட்டில் நுழைந்து வேலை பாருங்கள், நான் கடைசியில் அப்படித்தான் செய்தேன்.