ஜூன் விற்பனை டிசம்பருக்குப் போன கதை

வணிகப் பகுப்பாய்வு படிக்கும்போது பயிற்சிக்காக மன்னார்குடியில் இருக்கும் சித்தப்பா உரக்கடையின் பில் கணக்கை வாங்கிக்கொண்டேன். எக்செலில் பிவட் டேபிள் (தொகுப்பு அட்டவணை) போட்டால் டிசம்பர் 6 அன்று ஆடுதுறை 43 விதைநெல் மூட்டை மூட்டையாக விற்றிருக்கிறது. சித்தப்பா பார்த்துவிட்டு, "கார்த்திகையில எவன்டா குறுவைக்கு விதை வாங்குவான்?" என்றார். குறுவை ஜூன் வாக்கில் விதைக்கும் நெல் பருவம்; ஆடுதுறை 43 அதற்கான ரகம்.

மூன்று நாள் வீண். பிவட்டை அழித்து மறுபடி போட்டேன். பில் மென்பொருளைச் சந்தேகப்பட்டேன். தேதியின் ஃபார்மேட்டை மாற்றினேன். அது தோற்றத்தைத்தான் மாற்றும், மதிப்பை அல்ல.

அப்புறம்தான் கண்ணில் பட்டது: ஒரே பத்தியில் சில தேதிகள் வலது ஓரம், சில இடது ஓரம். இடதில் நின்றவை எல்லாம் 12-க்கு மேற்பட்ட நாட்கள். என் கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில், மாதம் முதலில். அதனால் 12/06, அதாவது மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12, டிசம்பர் 6 ஆகிவிட்டது. 13/06-க்குப் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அது தேதியாகாமல் வெறும் எழுத்தாக இடது ஓரம் நின்றுவிட்டது.

திறந்த கோப்பில் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பாதி தேதி ஏற்கெனவே புரண்டிருக்கும். மூல சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) கோப்பின் பெயரை .டிஎக்ஸ்டி என மாற்றி எக்செலில் திறந்தேன். இறக்குமதித் திரையின் மூன்றாம் படியில் தேதிப் பத்திக்கு டிஎம்ஒய் (நாள்-மாதம்-ஆண்டு) கொடுத்தேன். எல்லாத் தேதியும் வலது ஓரம் வந்தது, விதைநெல் ஜூனுக்குத் திரும்பியது.