ஃப்ரீசர் ஜில்லென்று இருக்கிறது, கீழே பால் திரிகிறது

எங்கள் ஃப்ரிட்ஜில் மேலே ஐஸ் நன்றாகக் கட்டுகிறது, கீழ்த்தட்டில் மட்டும் இரண்டு நாளாகப் பால் திரிந்துபோனது. குளிரூட்டும் கேஸ் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரீசரின் பின்பக்க மூடியைக் கழற்றினால் குளிர்விக்கும் குழாய்ச்சுருள் (காயில்) முழுக்கப் பனி, காற்று கீழே வர வழியே இல்லை. கத்தியால் மட்டும் சுரண்டாதீர்கள், காயில் ஓட்டை விழும். ராத்திரி முழுக்கக் கதவைத் திறந்துவைத்து உருகவிட்டேன். அப்புறம் மல்டிமீட்டரில் பார்த்தால் அந்தப் பனியை அவ்வப்போது உருக்கும் ஹீட்டர் 290 ஓம், சரி, அது பிழைத்தது. சூடு மிஞ்சினால் ஹீட்டரின் கரண்டைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ்தான் போயிருந்தது. குளிரில் ஹீட்டரை இணைத்து, சூடானதும் துண்டிக்கும் பைமெட்டல் சுவிட்சை அறைச் சூட்டில் சோதித்து ஏமாறாதீர்கள், நன்றாகக் குளிர்ந்தால்தான் இணையும், உப்புப் போட்ட ஐஸில் வைத்துப் பார்க்க வேண்டும். ஃபியூஸ், பைமெட்டல் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். ஃபியூஸை எடுத்துவிட்டு வயரை நேராக முறுக்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னார், தயவுசெய்து செய்யாதீர்கள், ஹீட்டர் நிற்காவிட்டால் உள்ளே பிளாஸ்டிக்கே உருகிவிடும்.