மதிப்பெண் வேறு, நோயாளியின் நிலை வேறு: மருத்துவமனை ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவிலியர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் வினாத்தாளைக் கொடுத்து, மதிப்பெண்ணைக் கூட்டி, "இத்தனை பேருக்கு அறிவு போதாது, ஆகவே பயிற்சி தேவை" என்று முடிக்கும் ஆய்வுகள் ஏராளம். பணியாளருக்குத் தெரிந்திருப்பது ஒன்று, அவர் வார்டில் செய்வது ஒன்று, நோயாளிக்கு நேர்வது மற்றொன்று. இம்மூன்றையும் தனித்தனியே அளக்காமல் ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிப்பதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன.

வியன்னா பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றுவந்தவர்களும் பிரசவம் பார்த்தனர். அன்று யாரேனும் வினாத்தாள் கொடுத்திருந்தால் மாணவர்களே கூடுதல் மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். ஆனால் பிரசவக் காய்ச்சலால் தாய்மார் அதிகம் இறந்தது அவர்களுடைய பிரிவில்தான். பிணத்தை அறுத்த கையோடு அவர்கள் பிரசவ அறைக்கு வந்ததே காரணம் என்று ஊகித்த, அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், 1847இல் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். அந்த ஆண்டு ஏப்ரலில் 18 சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு, ஜூனில் ஏறத்தாழ 2 சதவீதமாகக் குறைந்தது. அந்த மாணவர்களின் பாட அறிவில் இடையில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது அவர்கள் கையை என்ன செய்தார்கள் என்பது மட்டுமே.

வினாத்தாளிலேயே பல ஆய்வுகள் வழுக்கிவிடுகின்றன. "நோயாளியைத் தொடுமுன் கை கழுவ வேண்டுமா?" என்று கேட்டால் "ஆம்" என்று எழுதாதவர் யார்? மாறாக, "ஒருவரின் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைக் காலி செய்துகொண்டிருக்கிறீர்கள், அடுத்த கட்டிலில் சலைன் நின்றுவிட்டது என்று கூப்பிடுகிறார்கள், கையில் கையுறை இருக்கிறது, முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், கையுறையைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது யாருக்கு உண்மையில் பதிந்திருக்கிறது என்று தெரியவரும். சரி, தவறு என்று மட்டும் விடையளிக்கும் 20 கேள்விகளில், ஒன்றுமே தெரியாதவர்கூடக் குருட்டாம்போக்கில் சராசரியாக 10 வாங்கிவிடுவார். அப்படியிருக்க 50 சதவீதத்தை "மிதமான அறிவு" என்று வகைப்படுத்துவது வேடிக்கை. "நல்ல அறிவு" என்பதற்கான எல்லையை மதிப்பெண்களைப் பார்த்த பிறகு வகுப்பது அதைவிட மோசம்.

காலையில் ஒரு தேர்வு, பகலில் பயிற்சி, மாலையில் அதே கேள்விகளுடன் மறுதேர்வு என்று நடத்தினால் அளக்கப்படுவது அன்றைய ஞாபகம்தான். குறைந்த மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பயிற்சி தந்தால், பயிற்சியே இல்லாவிட்டாலும் அவர்களின் அடுத்த மதிப்பெண் சராசரியை நோக்கிச் சற்று ஏறியிருக்கும். ஒப்பிடுவதற்கு ஒரு குழு இல்லாமல் இதைப் பிரித்தறிய வழியில்லை.

நோயாளிகளின் பக்கம் வந்தால், முதலில் வகுக்கும் எண்ணைக் கவனிக்க வேண்டும். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1863இல் வெளியிட்ட அட்டவணை ஒன்றில் லண்டனின் 24 மருத்துவமனைகளுக்கு இறப்பு வீதம் 90 சதவீதத்துக்கும் மேல் என்று இருந்தது. ஆண்டு முழுவதும் இறந்தவர்களை, ஒரே ஒரு நாளில் கட்டிலில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்ததன் விளைவு அது. அதே கட்டிலில் ஆண்டில் எத்தனையோ பேர் வந்து குணமாகிப் போயிருப்பார்கள். இன்று இதே பிழை வேறு வேடத்தில் வருகிறது: மருத்துவர் சொல் கேளாமல் வீட்டுக்குப் போனவரும் வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவரும் கேஸ் ஷீட்டில் "உயிருடன் டிஸ்சார்ஜ்" என்று பதிவாகிறார்கள். சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் வரை விசாரித்துப் பதிவு செய்யாவிட்டால், இறக்கும் நிலையில் உள்ளவர்களை வெளியே அனுப்பும் மருத்துவமனையே சிறந்ததாகத் தோன்றும்.

நோயின் கடுமையைக் கணக்கில் கொள்ளாத ஒப்பீடு இன்னும் ஆபத்தானது. எடுத்துக்காட்டாக, முதல் மருத்துவமனையில் கடுமையான நோயாளிகள் 400 பேரில் 80 பேரும், லேசான நோயாளிகள் 100 பேரில் 2 பேரும் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் கடுமையானவர்கள் 100 பேரில் 25 பேர், லேசானவர்கள் 400 பேரில் 12 பேர். மொத்தமாகப் பார்த்தால் 16.4 சதவீதமும் 7.4 சதவீதமும், இரண்டாவது மிகச் சிறந்தது. பிரித்துப் பார்த்தாலோ இரு வகையிலும் முதலாவதே மேல். இரண்டாவதன் செவிலியர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்கியிருந்தால், "அறிவு உயிர்காக்கிறது" என்றொரு தலைப்பு தயார்!

செவிலியர்களின் மதிப்பெண்ணை நோயாளிகளின் இறப்போடு அப்படி இணைக்கும்போது ஆறு வார்டுகளின் 200 செவிலியர்களை 200 தனித்தனிச் சான்றுகளாக எண்ணுவதும் தவறு. நோயாளியின் விளைவு வார்டோடு சேர்ந்தது. ஒரு வார்டின் செவிலியர்கள் ஒரே மேற்பார்வையாளரையும் ஒரே பற்றாக்குறையையும் பகிர்ந்துகொள்கிறார்கள். வார்டுகளுக்கு இடையிலான ஒப்பீட்டில் கையிலிருக்கும் மாதிரி ஆறுக்கு அருகில்தான்.

ஆய்வாளர்கள் சிறிதாக நினைக்கும் ஒன்று மிச்சமிருக்கிறது. வினாத்தாளை வார்டு பொறுப்பாளரே நீட்டி, பெயரும் பணி எண்ணும் எழுதச் சொல்லி, பக்கத்தில் நின்று வாங்கினால், அங்கே சம்மதப் படிவத்தில் போடப்படும் கையெழுத்து சம்மதம் ஆகாது. விடைகளும் பணியாளருக்குத் தெரிந்தவையாக இராமல், மேலதிகாரி விரும்புவார் என்று அவர் கருதுபவையாக இருக்கும். பெயரில்லாத தாளும், அந்த வார்டைச் சேராத ஒருவர் வைக்கும் மூடிய பெட்டியும் போதும்.