நகையை போட்டோ எடுக்க ஒரு வெள்ளை வேட்டி போதும்
பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டு மாடியில் வைத்து கவரிங் நகைகளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். ஆரம்பத்தில் ஃபிளாஷ் போட்டு எடுத்த ஆரமெல்லாம் நடுவில் வெள்ளைத் திட்டும் ஓரத்தில் கறுப்புமாக விழுந்தது. பளபளக்கும் உலோகம் கண்ணாடி மாதிரி, எதிரே இருப்பதைத்தான் காட்டும். சின்ன விளக்கு என்றால் சுள்ளென்று ஒரு புள்ளி. பெரிய வெள்ளைப் பரப்பு என்றால் சீரான மினுக்கம்.

அதனால் ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னலில் வெள்ளை வேட்டியையோ டிரேசிங் பேப்பரையோ கட்டுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. வளையலின் விளிம்பு பின்னணியோடு கரைந்துபோனால், பக்கத்தில் கறுப்பு சார்ட் துண்டு ஒன்றை நிறுத்துங்கள். கோடு போட்ட மாதிரி விளிம்பு எடுத்துக்காட்டும். சிவப்புச் சட்டை மட்டும் வேண்டாம், அதுவும் நகையில் தெரியும்!

கல் நகைக்கு இது பத்தாது. மெல்லிய வெளிச்சத்தில் கல் மங்கிவிடும். இன்னொரு செல்போனின் டார்ச்சைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கல் மின்னும் இடத்தில் கிளிக். அப்புறம், அறையின் டியூப்லைட் எரிந்தால் நிறம் கலந்து குழப்பும், அதையும் அணைத்துவிடுங்கள்.